ஜட்டி போட்ட எழுத்துகள்

ஏப்ரல் 6, திங்கள்

இன்று முதல் இந்த டைரியில் நான் எழுதப்போகும் சரித்திரத்தை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைச் சத்தியம் செய்தே சொல்கிறேன். சத்தியம் செய்யும்போது இடது கையைப் பல் டாக்டரின் மூன்று பேர் உட்காரும் சோபா மேல் வைத்திருக்கிறேன். என் தொழிலில் அதைவிடப் புனிதமான பொருள் கிடையாது.

டைரியும் பல் டாக்டர் கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பல் கைகட்டி நின்று சிரிக்கிறது. நான் சோபா, நாற்காலி, மெத்தை, கார் சீட் ஆகிய நான்கு உலகங்களுக்கும் குஷன் தைக்கும் சக்கரவர்த்தி. தலைநகரம், அக்கா வீட்டுக்குக் கீழே உள்ள ஒற்றை ஷட்டர் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை, கூரை வரை ஃபோம், அந்த ஃபோமின் உச்சியில் தூங்கும் பூனை. பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைப்பதால் தானாக வந்த பதவி.

சரித்திரத்தின் நாயகி என் அக்கா மகள். பிறந்தபோது உடம்பு மெல்லிசு, தலை மட்டும் உருண்டை. பார்த்தவுடன் குண்டூசி என்று பெயர் சூட்டினேன். அக்கா கோபத்தில் என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். இப்போது அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். வருகிற ஜூனில் குண்டூசி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

இன்று மேற்படி சோபாவைக் கவிழ்த்தேன். கைப்பிடிகள் இரண்டிலும் நோயாளிகள் பயத்தில் தோண்டிய சுரங்கங்கள். ஒன்றில் ரயிலே விடலாம். அடியில் ஏதோ அசைந்தது. டாக்டரிடமிருந்து தப்பி ஓடிய நோயாளி ஒருவர் இன்னும் ஒளிந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். குண்டூசி.

"மேல அம்மா புத்தகத்தை மூடிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கா மேலே அகரவரிசைப் புத்தகத்தைத் திறந்தாள். அந்தச் சத்தம் கேட்குமுன்பே குண்டூசி கீழே சோபாவுக்கு அடியில். மின்னல் இவளிடம் வந்து ஓடக் கற்றுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

குண்டூசி ஒரு மாபெரும் மோசடிக்காரி. சிறையில் இருக்கும் அத்தனை மோசடிக்காரர்களும் ஜாமீன் எடுத்து இவளிடம் டியூஷன் வரவேண்டும்.

காலையில் கடைக்கு வந்து, குடையைத் தொலைத்த யானையின் கதையை எனக்கு வாசித்துக் காட்டினாள். என்ன ஏற்ற இறக்கம், என்ன நிறுத்தம். யானை அழும் இடத்தில் நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருந்தது.

அக்கா படித்துக் காட்டியதையெல்லாம் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். பக்கத்தை எங்கே புரட்ட வேண்டும் என்பது உட்பட. புத்தகத்தை நேராக்கி, படத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்து மறைத்தேன். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"கையை எடு மாமா. யானை மூச்சு விடணும்."

எடுக்கவில்லை. ஒரு எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். பிறகு வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போனாள். நானும் குப்புறப் படுத்தேன்.

"நான் மக்கு மாமா. உனக்குத் தெரியாதா? எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும்."

கடைக்கு இன்று விடுமுறை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். மழலையர் வகுப்பில் ஒருநாள் பலகையைப் படிக்கச் சொல்லி நிற்க வைத்திருக்கிறார்கள். இவள் ப என்பதை ம என்றாளாம், அப்புறம் ய என்றாளாம். சிரிப்பு. அன்று ஒரு வாண்டு கொடுத்த பட்டம் அது. இத்தனை நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்கு நேரம் பிடித்தது. தொப்பை மாட்டிக்கொண்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

மூலையில் பல் சிரித்துக்கொண்டே இருக்கிறது. மீசை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

பயிற்சி டீச்சரிடம் போனோம். எழுதப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே இருப்பவர். அவர் அறையில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. குண்டூசி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். ஆகவே அது திட்டமிட்டுச் செய்தது என்று இங்கே பதிவு செய்கிறேன்.

டீச்சர் அவளோடு கைதட்டி விளையாடினார், படங்கள் காட்டினார், ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கேட்டார். பிறகு எங்களிடம் சொன்னார்: "இந்த வயசுல டிஸ்லெக்ஸியான்னு நான் முடிவா சொல்ல மாட்டேன். அறிகுறி இருக்கு. பேர் வைக்கக் காத்திருக்கலாம், உதவி பண்ணக் காத்திருக்க வேண்டாம்."

எப்போது குணமாகும் என்று அக்கா கேட்டாள். இது காய்ச்சல் இல்லை, குணமாவதற்கு என்றார். புத்திக்கு ஒரு குறையும் இல்லையாம். எழுத்தையும் ஓசையையும் சேர்த்துக் கட்டுகிற இடத்தில்தான் இவளுக்குச் சிக்கலாம். வேறு பாதையில், மெதுவாக, நிறையத் தடவை போகவேண்டுமாம். ஒரு நேரத்தில் ஒரு எழுத்து. சொற்களைக் கைதட்டிப் பிரிப்பது. தினமும் கதை வாசித்துக் காட்டுவது. பலர் முன்னால் நிற்க வைத்துப் படிக்கச் சொல்லவே கூடாது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அக்கா இல்லை என்றாள். அத்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போது ஓடவில்லை.

திரும்பும்போது அத்தான், "கொஞ்சம் சோம்பல், வேறொண்ணும் இல்ல. ரெண்டு அதட்டு போட்டா சரியாயிடும்" என்றார். பஸ் ஓட்டுகிறவர், ஒரு ஹாரனில் எல்லாம் விலகிவிடும் என்ற நம்பிக்கை. அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு அவள் சத்தம் போட்டாலாவது பரவாயில்லை.

கடைசியாக டீச்சர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, விரலால் தடவ வேண்டும், உடம்பால் உணர வேண்டும்.

உடம்பாலா?

என் மண்டைக்குள் ஆயிரம் தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின.

ஏப்ரல் 16, வியாழன்

கைதட்டும் பயிற்சி ஆரம்பம். சோ, பா. இரண்டு தட்டு. மே, னே, ஜர். மூன்று தட்டு; மேனேஜர் எழுந்து வேறு ஃபோமுக்கு மாறினார். சீட் உறை வாங்க வந்த டாக்சிக்காரரையும் சேர்த்துக்கொண்டோம். "வண்டி வெயில்ல நிக்குது, எப்பப்பா தருவ?" என்று அவர் கேட்க, நாங்கள் நா, ளைக், கு என்று மூன்று தட்டுத் தட்டினோம். தன்னைப் பாராட்டுவதாக நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

முடித்துவிட்டேன். பல் டாக்டர் சோபாவில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டில், நான்கு விரல் கனமான ஃபோமை உள்ளே வைத்து, குண்டூசி உயரத்துக்கு ஐந்து எழுத்துகள். ப, ம, ட, ய, ன. இப்படிப்பட்ட எழுத்துகளை மொழி தோன்றிய நாளிலிருந்து எவரும் தைத்ததில்லை. ம மேல் படுத்தால் சுழியில் தலை சரியாகப் பொருந்தும். ட-வின் மடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், குடித்துப் பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமே? சோபா முதுகில் வைக்கும் துணி போர்த்திய பெரிய பொத்தான் எதற்கு இருக்கிறது. ன-வின் தலையில் ஒன்றை ஒட்டினால் ன். எடுத்தால் ன. மு வேண்டுமா, ம-வுக்கு ஒரு வால் தைத்துப் பொருத்தலாம்.

தொழில் நேர்த்தியைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பக்கமும் ஒரே வெல்வெட், ஒரே தையல், ஒரே பளபளப்பு. என் கடைப் பலகையிலேயே இருக்கும் வாக்குறுதி: திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம், இரட்டிப்பு ஆயுள். சக்கரவர்த்தி வாக்குத் தவறுவதில்லை.

குண்டூசி ஐந்தின் மேலும் விழுந்து புரண்டாள். தானாக. புத்தகம் என்ற நினைப்பே இல்லாமல்.

ஏப்ரல் 22, புதன்

என் வீழ்ச்சியின் நாள்.

எழுத்துகளை ஃபோம் மூட்டையில் கட்டி டீச்சரிடம் தூக்கிக்கொண்டு போனேன். விருது கிடைக்கும் என்று சட்டையை இஸ்திரி போட்டிருந்தேன். டீச்சர் முதலில் சிரித்தார். தொட்டுப் பார்த்தார், மெச்சினார். பிறகு ட-வை எடுத்துத் தரையில் போட்டார். அது கவிழ்ந்து விழுந்தது. கால் வலப்பக்கம் நீளவேண்டிய எழுத்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டு கிடந்தது.

"இதுக்கு முன்பக்கம் எது?"

வாடிக்கையாளர் வீடு வீடாகப் போய் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று வகுப்பெடுக்கிறவன் நான். எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஏற்கெனவே குழம்புகிற குழந்தைக்கு, எந்தப் பக்கமும் பார்க்கக்கூடிய எழுத்தைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதிலும் இரட்டிப்பு ஆயுளோடு. ப ஒன்றுதான் எப்படிப் போட்டாலும் ப-வாகவே கிடந்தது. மிச்சம் நான்கும் என்னைக் காட்டிக்கொடுத்தன.

"பரவாயில்ல, ஒரு பக்கத்தை மட்டும் வித்தியாசமா ஆக்கிட்டா போதும்" என்று டீச்சர் ஆறுதல் சொன்னார். குண்டூசி கவிழ்ந்து கிடந்த ட-வைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு என் காதில் சொன்னாள்.

"மாமா, அது முதுகைக் காட்டுது. பின்னாடி ஒரு ஜட்டி போட்டுடலாம்."

ஏப்ரல் 24, வெள்ளி

அரண்மனைத் தையற்கூடம் இரவு பகலாக இயங்கியது. அதாவது மத்தியானம் வரை. ஐந்து எழுத்துகளுக்கும் பின்பக்கம் ஜட்டி தைத்தாயிற்று. சொரசொரப்பான துணியாக இருக்கவேண்டும், கண்ணை மூடித் தடவினாலும் தெரியவேண்டும் என்பது டீச்சர் யோசனை. பச்சையில் மஞ்சள் வட்டம் போட்டதாக இருக்கவேண்டும் என்பது மகாராணியின் ஆணை. துணியையும் அவளே மேலேயிருந்து கொண்டுவந்தாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கலைஞன் மூலப்பொருளின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

இப்போது சட்டம் இதுதான். ஜட்டி தெரிந்தால் எழுத்து மரியாதை இல்லாமல் திரும்பி நிற்கிறது. அதைத் திட்டக்கூடாது. மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். முகம் தெரிந்தபிறகு விரலால் அதன் வழியிலேயே ஒருமுறை தடவி, ஓசையைச் சொல்லவேண்டும்.

இன்று ம-வை மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். நாலாவது தடவை யானை என்றாள். யானையும் நல்ல எழுத்துதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மூலப்பொருளின் பூர்வீகம் தெரிந்துவிட்டது. அத்தானின் புத்தம்புது அரைக்கால் சட்டை.

பீரோவைக் குடைந்து தேடிவிட்டுக் கீழே வந்தார். ட-வின் பின்புறத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ப-வைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ளே, இது என்னோடதா?"

குண்டூசி முந்திக்கொண்டு முழுச் சட்டத்தையும் அவருக்கு விளக்கினாள். அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கினாள். ம-வைக் கவிழ்த்து, திருப்பி, தடவி, "ம்ம்ம்" என்று காட்டினாள். அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளை மேலே அனுப்பியபின் ம-வின் சுழியை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கெல்லாம் யாரும் இப்படித் திருப்பிக் காட்டல மாப்ளே. சோம்பேறின்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

பிறகுதான் சொன்னார். பஸ்ஸின் வழிப்பலகையை அவர் படிப்பதில்லையாம். மனப்பாடமாம். தடம் மாற்றிப் போட்டால் முதல் நாள் நடத்துநரிடம் பேச்சுக் கொடுத்து வாயாலேயே வரவழைத்துவிடுவாராம். கடைக்குச் சாமான் வாங்கப் போனாலும் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்தேன் என்பாராம். இத்தனை வருஷமாக நானும் அவர் கண்ணாடியைத் தேடித்தான் கொடுத்திருக்கிறேன்.

கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. இது என் வாழ்வில் அபூர்வம். கடைசியில், "அத்தான், மிச்சத் துணி இருக்கு, உங்களுக்கு ஒரு கைக்குட்டை தைக்கவா?" என்றேன். தலையில் தட்டினார். மென்மையாகத்தான்.

ஏப்ரல் 27, திங்கள்

அத்தான் டீச்சருக்குப் போன் செய்தாராம். யாருக்கு என்று கேட்டீங்களே, எனக்குத்தான் என்றாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

மே 5, செவ்வாய்

என்ன ஆச்சுன்னே தெரியல. நேற்றுவரை ம, ப ரெண்டும் பிடிச்சிருந்தது. இன்னைக்கு ஒண்ணுமே வரல. ப-வைப் பார்த்து ம, ம-வைப் பார்த்து ய, அப்புறம் எல்லாத்துக்கும் ட. முகம் சிவந்துபோச்சு. ன-வைத் தூக்கிச் சுவரில் அடிச்சா. "இதெல்லாம் பொய். இதுங்களுக்கெல்லாம் முகமே இல்ல" — அவ்வளவுதான், சோபாவுக்கு அடியில. சாப்பிடக்கூட வரல.

நானும் சும்மா இருந்திருக்கலாம். வெளியே நின்னுக்கிட்டு வேடிக்கைக் குரல்ல கூப்பிட்டேன். "போ மாமா, நீ எப்பவும் விளையாட்டு"ன்னா.

எப்பவும் விளையாட்டுதானா நான்? ஜூனில் பள்ளிக்கூடத்தில் ஒரு முழு வகுப்பு. அங்கே ஒளிய சோபா ஏது?

மே 6, புதன்

சில நாள் அப்படித்தான், நேற்று தெரிந்தது இன்று காணாமல் போகும், அதற்காகப் பயப்படாதீர்கள், மறுபடியும் முதலிலிருந்து, குறைவாக, நிறையத் தடவை, என்கிறார் டீச்சர். களைத்திருக்கும்போது செய்யாதீர்கள் என்றும் சொன்னார். நேற்று வெளியூர்ப் பயணம் போய் வந்தபின் உட்கார வைத்தது நான்தான்.

இன்று எழுத்தே இல்லை. குடை தொலைத்த யானை மட்டும். நான் வாசித்தேன். படத்தை மறைக்கவில்லை.

மே 12, செவ்வாய்

கவிழ்ந்து கிடந்த ய-வைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, "மரியாதை இல்ல உனக்கு" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். யாரும் கேட்கவில்லை. மேனேஜர் மட்டும் சாட்சி.

மே 20, புதன்

குடும்ப மாநாடு. உலகப் போர்களுக்கு முன்னால்கூட இவ்வளவு காரசாரமான மாநாடு நடந்திருக்காது. பொருள்: பள்ளிக்கூடத்தில் சொல்வதா வேண்டாமா.

டீச்சர் முதல் நாளே சொல்லிவிடச் சொல்கிறார். முன் வரிசை, கூடுதல் நேரம், எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்லாமை, இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். அக்காவுக்குப் பயம். "போன உடனே நாமளே ஒரு பட்டத்தை ஒட்டி அனுப்புறதாடா? அவங்க அவளைப் பார்க்குறதுக்கு முன்னாடி அந்தப் பேரைத்தான் பார்ப்பாங்க." அத்தான் சொல்லிவிடலாம் என்கிறார். சொல்லாமல் ஒரு வகுப்பைக் கடப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்; அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. நான் தைரியமாக எழுந்து, பள்ளிக்கூடத்துக்கே ஜட்டி தைத்துக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா தலையணையை எறிந்தாள். நான் தைத்த தலையணை; வலிக்கவே இல்லை, அவ்வளவு தரம்.

முடிவு: இப்போதைக்குச் சொல்வதில்லை. குண்டூசி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்பதை அப்புறம்தான் பார்த்தோம்.

ஜூன் 3, புதன்

பள்ளியில் அறிமுக நாள். புதுப் பிள்ளைகள் வகுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். அக்காவும் அத்தானும் நானும் போனோம். பேரரசி ஊர்வலம் என்பதால் நான் டை கட்டியிருந்தேன். அது பல் டாக்டர் சோபாவின் அதே வெல்வெட். வாசலில் காவலாளி வணக்கம் வைத்தார். அக்கா டையைக் கழற்றச் சொன்னாள்.

வகுப்பு மிஸ் இளவயசு. பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, விளையாட்டாக, பலகையில் ஒரு எழுத்தை எழுதி யார் கைக்குப் பந்து வருகிறதோ அவர்கள் சொல்லவேண்டும் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள்தான் சொல்லவில்லையே. பந்து சுற்றியது. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். பல் டாக்டரின் நோயாளிகள் தோற்றார்கள். பந்து குண்டூசியின் மடியில் வந்து விழுந்தது.

பலகையில் ய.

அவள் பார்த்தாள். வகுப்பில் ஒரு சோபாவும் இல்லை. வாசலில் நின்றிருந்த நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று கணக்குப் போட்டேன்.

"மிஸ், இந்த எழுத்து எனக்கு இப்ப முதுகைக் காட்டுது" என்றாள். "கொஞ்சம் இருங்க. திரும்பட்டும்."

மிஸ் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல மிஸ். சிலது ரொம்ப அடம் பிடிக்கும்."

"சரி, இருப்போம்" என்று மிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முழு வகுப்பும் ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் இருந்த பொடியன் ஒருவன், எழுத்துக்கு முதுகு எப்படித் தெரியும் என்று கேட்டான். ஜட்டி போட்டிருக்கும் என்றாள் குண்டூசி. வகுப்பு சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்தின் கூரை கழன்று மூன்றாவது தெருவில் விழுந்தது. அவளும் சிரித்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு விரலைக் காற்றில் மெதுவாக ஓட்டி, "ய" என்றாள்.

வெளியே வந்ததும் அக்கா திரும்ப உள்ளே போனாள். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க ஒண்ணு பண்ணுங்க, காத்திருந்தா போதும்" என்று முடித்தாளாம். பயிற்சி டீச்சரின் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 8, திங்கள்

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் நாள் முழுக்க அழுதார். நான் அழவில்லை, ஃபோம் தூசி.

ஜூன் 19, வெள்ளி

மற்ற பிள்ளைகள் சொல் சேர்க்கத் தொடங்கிவிட்டார்களாம். இவள் இன்னும் ஏழாவது எழுத்தில். மிஸ் முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார், யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. மக்கு என்ற பேச்சு வீட்டில் இல்லை. கேட்டால் வந்துவிடுமோ என்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 4, சனி

பல் டாக்டரின் இரண்டாவது சோபா வந்து நிற்கிறது. முதலாவதைவிடப் பெரியது, அதன் ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குப் போக பஸ் மாற வேண்டும். வெல்வெட் போர்த்தி முடித்து, அடியை மூடும் துணி மட்டும் பாக்கி. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் குண்டூசியின் செருப்பு இருக்கிறது, குண்டூசி இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்துவிட்டதா? குப்புறப் படுத்தேன்.

மல்லாந்து கிடந்தாள். அத்தானின் டார்ச் கையில். சோபாவின் முதுகுத் துணியின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துணிகள் மாறிப்போகாமலிருக்க எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று உள்ளே சாக்பீஸால் எழுதிவைப்பது என் வழக்கம்.

"என்னடா கண்ணு பண்ற?"

"பேசாத மாமா."

விரலால் தடவினாள். என் கையெழுத்து வேறு, கோழி நடந்தது மாதிரி.

"வால் முளைச்ச ம. மு." நிறுத்தினாள். இந்த இடத்தில் நான் வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பேன். "அப்புறம்... ன. தலையில பொத்தான் இருக்கு. ன். மு, ன்." இரண்டையும் உதட்டுக்குள் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். "முன்."

டார்ச்சை என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, இது சோபாவோட பின்பக்கம்தானே? இங்க போய் முன்னுன்னு எழுதி வச்சிருக்க."

எழுந்து பார்த்தேன். முன்பக்கத் துணியைப் பின்னாலும் பின்பக்கத் துணியை முன்னாலும் அடித்து வைத்திருக்கிறேன். நான்கு உலகங்களின் சக்கரவர்த்தி. அத்தனை ஆணியையும் பிடுங்க வேண்டும்.

"பரவாயில்ல, திட்டக் கூடாது" என்றாள் அடியிலிருந்து. "மெதுவா திருப்பிக்கலாம்."

சோபாவைத் தூக்கப் போனேன். தூக்காதே, இங்கே இன்னும் எழுத்து இருக்கிறது என்றாள். ஆகவே டைரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தின் கூரை கழலவில்லை. மேனேஜர் யாருக்காகவும் அழுததில்லை. எழுத்துகள் குண்டூசி உயரம் இல்லை, அவள் முழங்கால் உயரம்தான். இந்தச் சோபாவுக்குப் பஸ் தேவையில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இன்று மத்தியானம் அவள் ஒரு சொல் வாசித்தாள். நான் படம் எதுவும் வரைந்து வைத்திருக்கவில்லை.